மூட்டில் உலோகம் இருந்தால் மருந்துக்கடை மாத்திரை வேண்டாம்

முழங்கால் மூட்டு மாற்றிச் சில வாரம் ஆனவருக்குத் தையல் தழும்பின் ஓரத்தில் சின்னக் கொப்புளம். வேட்டியில் மஞ்சளாக ஒரு சொட்டு ஈரம். வலி பெரிதாக இல்லை. வீட்டில் மருந்துக்கடைக்குப் போய் ஐந்து நாளைக்கு ஆன்டிபயாடிக் வாங்கி வருகிறார்கள். கசிவு நிற்கிறது, எல்லோருக்கும் நிம்மதி. எலும்பில் பிளேட், ராடு வைத்தவர்கள் வீட்டிலும் இதே கதைதான். மற்ற தவறுகளை எல்லாம்விட இதைத்தான் முதலில் நிறுத்தச் சொல்வேன்.

உலோகத்துக்குள் ரத்தம் ஓடாது. நம் தோலிலேயே குடியிருக்கும் ஸ்டாஃபைலோகாக்கஸ் போன்ற கிருமிகள் அதில் ஒட்டிக்கொண்டால், தங்களைச் சுற்றி ஒரு வழவழப்பான படலத்தைக் கட்டிக்கொள்ளும். தண்ணீர்த் தொட்டியின் உள்சுவரில் பிடிக்கும் பாசி மாதிரி. பயோஃபிலிம் என்பது இதுதான். மாத்திரை வெளியே திரியும் கிருமியைக் கொல்லும், படலத்துக்குள் இருப்பது பிழைத்துக்கொள்ளும். நின்ற கசிவு மறுபடி தலைகாட்டுவது அதனால்தான்.

அதைவிடப் பெரிய கேடு வேறு. மூட்டு நீரை ஊசியால் எடுத்துக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துக் கண்டுபிடிக்கும் சோதனைக்கு, அனுப்பும்போது, ஏற்கெனவே போட்ட மாத்திரையால் கிருமி வளராமல் போகலாம். எது கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று தெரியாமலே சிகிச்சை நடக்கும். நாளும் வீணாகிறது. தொற்று தொடங்கிச் சுமார் மூன்று வாரத்துக்குள் பிடித்தால், பலருக்கு மூட்டைத் திறந்து கழுவி, உலோகப் பாகங்களுக்கு நடுவிலுள்ள பிளாஸ்டிக்கை மட்டும் மாற்றி, உலோகத்தைக் காப்பாற்ற முடிகிறது. தாமதித்தால் பெரும்பாலும் அத்தனையையும் கழற்ற வேண்டிவரும். ஆகவே கசிவு, சிவப்பு, சூடு, புதிதாகக் கூடும் வலி எது தெரிந்தாலும் அறுவை செய்த மருத்துவரிடம் அன்றைக்கே காட்டுங்கள். குளிர்காய்ச்சலும் சேர்ந்தால் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

அறுவைக்கு முந்தின நாள் வீட்டிலேயே பிளேடால் முடி மழிக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமி புகும். முடியை அகற்றியே ஆகவேண்டுமென்றால் கிளிப்பர் (தோலைக் கீறாமல் முடியை ஒட்ட வெட்டும் கருவி) போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. சர்க்கரை கட்டுக்குள் வராமல் தேதி குறிக்கவும் அவசரப்படாதீர்கள். புகைப்பவர்கள் குறைந்தது நான்கு வாரம் முன்பே விடவேண்டும். மூட்டில் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். அந்த ஊசிக்கும் அறுவைக்கும் நடுவில் வழக்கமாக மூன்று மாதம் இடைவெளி விடுவார்கள்.

தையல் ஆறும்வரை மஞ்சள், எண்ணெய், பவுடர் எதுவும் வேண்டாம்.

ஆறிய பிறகும், வருடங்கள் கழித்துக்கூட, ரத்தம் வழியே கிருமி வந்து உலோகத்தில் அமரலாம். சர்க்கரை உள்ளவரின் கால்புண், சீழ்ப்பிடித்த பல், கட்டி இவற்றை நாள்கடத்தாமல் ஆற்றுங்கள். அதற்காகப் பல் சுத்தம் செய்யப் போகும்போதெல்லாம் முன்கூட்டியே ஆன்டிபயாடிக் விழுங்கவேண்டும் என்பதில்லை. செயற்கை மூட்டு உள்ள பெரும்பாலானோருக்கு அது தேவைப்படாது.