ஓங்கு என்றால் வலிமை அல்ல: தொடக்க உயிரியலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விடைத்தாள் திருத்தும்போது திரும்பத் திரும்பக் கண்ணில் படும் பிழைகளில் பல, பாடச்சொல்லுக்கு அன்றாடப் பொருள் கொள்வதால் வருபவை.

‘ஓங்கு பண்பு’ என்றதும் வலுவானது, பரவலாகக் காணப்படுவது என்று எழுதிவிடுகிறார்கள். ஆறு விரல் தோன்றக் காரணமான மரபணு மாற்றங்கள் சில ஓங்குபவைதான், ஆனால் அரிதானவை. ‘ஓ’ இரத்த வகை ஒடுங்கு பண்பு, அதாவது ஓங்கு பண்போடு சேர்ந்தால் மறைந்துவிடுவது. ஆனாலும் உலகில் மற்ற வகைகளைவிட அதிகம் பேருக்கு இருப்பது அதுவே. ஒரே மரபணுவின் இரு வடிவங்கள் (அல்லீல்கள்) ஒரே உயிரியில் சேரும்போது எதன் விளைவு வெளியே தெரிகிறது என்பதை மட்டும்தான் அந்தச் சொல் குறிக்கிறது.

மரபியலின் அடிப்படை விதிகளைக் கண்டறிந்த மெண்டலின் பட்டாணியையே பாருங்கள். சுருங்கிய விதையில் மாவுச்சத்தைக் கிளைக்கச் செய்யும் நொதி ஒன்று சரியாக உருவாவதில்லை. சர்க்கரை தேங்குகிறது, அது நீரை இழுக்க விதை பருக்கிறது, முற்றிக் காயும்போது தோல் சுருங்குகிறது. அந்த நொதிக்கான மரபணுவின் ஒரு நல்ல பிரதி இருந்தாலே போதும், விதை உருண்டையாகிவிடும். இதைப் புரிந்துகொண்டால் ‘ஓங்கு’ பற்றிய குழப்பமே வராது.

பெற்றோர் இருவரிடமும் ஓங்கு அல்லீல் ஒன்றும் ஒடுங்கு அல்லீல் ஒன்றும் இருந்தால் பிள்ளைகளில் எதிர்பார்க்கப்படும் 3:1 விகிதத்திலும் கவனம் தேவை. நான்கு பிள்ளைகள் பிறந்தால் மூவர் இப்படி, ஒருவர் அப்படி என்று அது உறுதி தருவதில்லை. ஒவ்வொரு பிறப்பிலும் வாய்ப்பு புதிதாகக் கணக்காகிறது. 7324 விதைகளை எண்ணிய மெண்டலுக்கே 5474 உருண்டை, 1850 சுருக்கம், அதாவது 2.96:1 தான் கிடைத்தது.

அடுத்தது ‘சுழற்சி’. உயிர்களுக்கும் சுற்றுப்புறத்துக்கும் இடையே கார்பனும் நைட்ரஜனும் சுழலும்; ஆற்றல் சுழலாது, வெப்பமாக வெளியேறிவிடும்.

மரத்தின் எடை மண்ணிலிருந்து வருகிறது என்பதும் பழைய பிழை. பதினேழாம் நூற்றாண்டு அறிவியலாளர் வான் ஹெல்மான்ட் 200 பவுண்டு உலர்ந்த மண்ணில் வில்லோ நாற்று ஒன்றை நட்டு ஐந்தாண்டு வளர்த்தார். மரம் சுமார் 164 பவுண்டு கூடியது. மண் குறைந்ததோ ஏறக்குறைய 2 அவுன்ஸ். எல்லாம் தண்ணீர்தான் என்று அவர் முடிவு கட்டினார். காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு அவர் கணக்கில் வரவில்லை.

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன் இருந்தும் தாவரங்களால் அதை நேரடியாக எடுக்க முடியாது. பயறு வகைச் செடிகளே அதை நிலைநிறுத்துவதாக, அதாவது தாவரம் பயன்படுத்தும் வடிவுக்கு மாற்றுவதாக, எழுதாதீர்கள். அது வேர்முடிச்சிலுள்ள ரைசோபியம் பாக்டீரியாவின் வேலை. அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியா வேறு, நைட்ரேட்டை வாயுவாக்கித் திருப்பி அனுப்பும் பாக்டீரியா வேறு. எது உள்ளே போகிறது, எது வெளியே வருகிறது என்று எழுதிப் பார்த்தால் குழம்பாது.

முடிந்தால் ஒரு வேர்முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடந்துகொண்டிருக்கிறது.