பூஸ்டர் எப்ப போடலாம்? ரெண்டு தேதியை வெச்சு முடிவு பண்ற வழி

இது எழுதுறது 2022 ஆகஸ்ட் கடைசி, இதுல வர்ற ரூல், விலை, கெடு எல்லாம் இந்த நேரத்துக் கணக்குதான். செப்டம்பர் 30 வரைக்கும் 18 வயசு தாண்டின எல்லாருக்கும் கவர்மென்ட் சென்டர்ல பூஸ்டர், அதாவது கொரோனா தடுப்பூசியோட மூணாவது டோஸ் ஃப்ரீ, ஆனாலும் தெரிஞ்சவங்க சொந்தக்காரங்கன்னு யாரைக் கேட்டாலும் பாதிப் பேர் இன்னும் போடல. போட மாட்டேன்னு அடம்பிடிக்கிறவங்க ரொம்ப கம்மி, மத்தவங்க எல்லாம் "போடணும், எப்பன்னுதான் தெரியல"ன்னு தள்ளிக்கிட்டே போறவங்க. அவங்களுக்காகத்தான் இது. மெசேஜ்லயும் பேப்பர்லயும் "முன்னெச்சரிக்கை டோஸ்"னு வர்றதும் இதே பூஸ்டர்தான், ரெண்டும் வேற வேறன்னு நினைச்சு இன்னொரு ஊசிக்காக காத்திருக்காதீங்க.

முதல்ல ரெண்டு தேதி வேணும். ஒண்ணு, நீங்க ரெண்டாவது டோஸ் போட்ட தேதி. ரெண்டு, உங்களுக்கு கடைசியா கொரோனா வந்து சரியான தேதி. ரெண்டாவது டோஸ் தேதியோட 26 வாரம், அதாவது ஆறு மாசம் கூட்டுங்க, கொரோனா சரியான தேதியோட மூணு மாசம் கூட்டுங்க, ரெண்டுல எது பின்னாடி வருதோ அதுதான் உங்க நாள். அதுக்கு முன்னாடி போனா திருப்பி அனுப்புவாங்க, இல்ல போட்டாலும் பெருசா பலன் இருக்காது. கொரோனாவே வரலன்னா ஒரே கணக்குதான், முடிஞ்சுது வேலை.

ரெண்டாவது டோஸ் தேதி ஞாபகம் இல்லாதவங்கதான் அதிகம். தடுப்பூசி பதிவு பண்ற கவர்மென்ட் சைட் கோவின்லயோ, ஆரோக்ய சேது ஆப்லயோ போய் சர்டிபிகேட் எடுத்தா அதுலயே இருக்கும், ஆனா அன்னைக்கு எந்த போன் நம்பர் குடுத்தீங்களோ அதுக்குத்தான் ஓடிபி போகும். 2021-ல நிறைய வீட்டுல பக்கத்து வீட்டுப் பையன் நம்பர், இல்ல வேலை பார்த்த இடத்து சூப்பர்வைசர் நம்பர் குடுத்து போட்டிருப்பாங்க, அதனால அந்த ஆளைத் தேடிப் பிடிக்கிற வேலையை இந்த வாரமே ஆரம்பிச்சிடுங்க. ஊசி போடப் போற அன்னைக்கு சென்டர் வாசல்ல நின்னுக்கிட்டு போன் அடிச்சா எடுக்க மாட்டாங்க.

ஒன்பது மாசம்னுதானே சொன்னாங்கன்னு சிலர் இன்னும் கேக்குறாங்க. அது பழைய ரூல். 2022 ஜனவரி 10-ஆம் தேதி பூஸ்டர் ஆரம்பிச்சப்ப 9 மாசம்னு வெச்சிருந்தாங்க, ஜூலை 6-ஆம் தேதி அதை 6 மாசமா குறைச்சிட்டாங்க. ஊசியால வர்ற எதிர்ப்பு சக்தி ஆறு மாசத்துல நல்லாவே இறங்கிடுதுன்னு தெரிஞ்சதாலதான். இறங்குதுன்னா மொத்தமா போயிடுதுன்னு அர்த்தம் இல்ல. தொண்டை வலி காய்ச்சல்னு லேசா வர்றதைத் தடுக்கிற சக்தி சீக்கிரம் குறையுது, ஆஸ்பத்திரில படுக்க வெக்கிற அளவுக்குப் போகாம காப்பாத்துற சக்தி அதைவிட ரொம்ப நாள் நிக்குது. இந்த வித்தியாசம் புரிஞ்சாத்தான் யாருக்கு அவசரம், யாருக்கு கொஞ்சம் நிதானம்ங்கிறது புரியும்.

இப்ப ஃப்ரீ கெடுவை வெச்சு ஒரு கணக்கு. ஏப்ரல் 1-ஆம் தேதி ரெண்டாவது டோஸ் போட்டவங்களுக்கு 26 வாரம் சரியா செப்டம்பர் 30-ல முடியுது. ஏப்ரல் 1-க்கு அப்புறம் ரெண்டாவது டோஸ் போட்ட 18 டு 59 வயசுக்காரங்களுக்கு இந்த ஃப்ரீ கிடைக்காது, கெடுவை நீட்டினாத்தான் உண்டு. அதுக்காக பெருசா கவலைப்பட ஒண்ணும் இல்ல, பிரைவேட்ல கோவிஷீல்டோ கோவாக்சினோ ஒரு டோஸ் 225 ரூபா, ஊசி போடுற சார்ஜ் 150-க்கு மேல வாங்கக் கூடாதுன்னு ரூல், ஜிஎஸ்டி சேர்த்து 386 ரூபா வரும். அதைவிட அதிகமா கேட்டா பில் கேளுங்க, பாதி இடத்துல அதுலயே இறங்கி வந்துடுவாங்க. போறதுக்கு முன்னாடி போன் பண்ணி ஸ்டாக் இருக்கான்னு கேட்டுட்டுப் போங்க, ஃப்ரீயா போட ஆரம்பிச்சதும் நிறைய பிரைவேட் ஆஸ்பத்திரில ஆளே வர்றதில்லைன்னு வாங்கி வெக்கிறதையே விட்டுட்டாங்க.

அடுத்தது அந்த ரெண்டாவது தேதி, அதாவது கொரோனா சரியான தேதி, இங்கதான் குழப்பமே. இந்த ஜூன் ஜூலைல சென்னை, செங்கல்பட்டு பக்கம் நிறைய பேருக்கு கொரோனா வந்து போச்சு, வீட்டுல கிட் வெச்சு பார்த்துட்டு ரெண்டு கோடு வந்ததும் அஞ்சு நாள் ரூம்ல இருந்துட்டு ஆபீஸ் போயிட்டாங்க, எந்த லிஸ்ட்லயும் பேர் இல்ல. லிஸ்ட்ல இல்லாட்டியும் உடம்புக்கு வந்தது வந்ததுதான், அதையும் கணக்குல எடுத்துக்கணும். என் மச்சானையே எடுத்துக்கோங்க, ரெண்டாவது டோஸ் போன வருஷம் அக்டோபர்ல போட்டாரு, அந்தக் கணக்குப்படி எப்பவோ தகுதி வந்தாச்சு, ஆனா ஜூன் கடைசில ஆபீஸ்ல ஒருத்தர் விடாம எல்லாருக்கும் வந்து, அவருக்கு ஜூலை முதல் வாரம்தான் சரியாச்சு. அப்ப அவர் நாள் அக்டோபர் முதல் வாரம், ஃப்ரீ முடிஞ்சு நாலஞ்சு நாள் கழிச்சு. "சொல்லாம போய் இப்பவே போட்டுக்கவா"ன்னு கேட்டாரு. வேணாம் மாமான்னுதான் சொன்னேன், இப்பதான் நோய் வந்து உடம்பு நல்லா எதிர்ப்பு சக்தி வெச்சிருக்கு, கொஞ்சம் இடைவெளி விட்டு போடுற ஊசிக்குத்தான் உடம்பு நல்லா வேலை செய்யும், 386 ரூபாயை மிச்சம் பிடிக்க அதை ஏன் விடணும்.

கொரோனாவா சாதா சளியான்னே தெரியாம டெஸ்ட் எடுக்காம விட்டவங்க? அதை கணக்குல சேக்காதீங்க, ரெண்டாவது டோஸ் தேதியை மட்டும் வெச்சு போங்க. ரத்தத்துல எதிர்ப்பு சக்தி எவ்வளவுன்னு பார்க்கிற ஆன்டிபாடி டெஸ்ட் எடுத்து பார்த்துட்டு முடிவு பண்றேன்னு லேப்ல காசு கட்டறதும் வீண் செலவு. ஒரு லேப் நம்பரும் இன்னொரு லேப் நம்பரும் ஒத்துப் போகாது, எவ்வளவு இருந்தா போதும்னு யாரும் கோடு போட்டும் வெக்கல. உடம்புல ஆன்டிபாடி தவிர டி செல், மெமரி செல்னு நோயை எதிர்க்கிற வேற ஆளுங்களும் இருக்காங்க, அவங்க அந்த ரிப்போர்ட்ல வரவே மாட்டாங்க.

இனி வயசு. வீட்டுல 60 தாண்டினவங்க இருந்து, ரெண்டு தேதியும் தாண்டியாச்சுன்னா, நாள் பார்க்கிற வேலையே வேணாம், நாளைக்கே கூட்டிட்டுப் போங்க. அவங்களுக்கு ஜனவரிலயே ஆரம்பிச்சது, மொதல்ல கூட ஏதாவது நோய் இருக்கணும்னு சொன்னாங்க, மார்ச் 16-லேர்ந்து அதையும் எடுத்துட்டாங்க. அவங்களுக்கு கவர்மென்ட்ல எப்பவுமே ஃப்ரீதான், இந்த செப்டம்பர் 30-க்கும் அவங்களுக்கும் சம்பந்தமே இல்ல. "சுகர் கொஞ்சம் இறங்கட்டும், அப்புறம் போட்டுக்கறேன்"னு அப்பாக்கள் சொல்ற டயலாக் ஊருக்கே பொது. சுகர், பிபி உள்ளவங்களுக்குத்தான் கொரோனா முத்திப் போற ஆபத்து அதிகம், அதனால அவங்கதான் மொதல்ல போடணும். வழக்கமான மாத்திரையை நிறுத்தாம, சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லுங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்க நர்ஸ்கிட்ட முன்னாடியே சொல்லிட்டு, ஊசி போட்ட இடத்தை ரெண்டு மூணு நிமிஷம் நல்லா அழுத்திப் பிடிச்சுக்கணும், தேய்க்கக் கூடாது. எழுந்து நடக்க முடியாம படுக்கைல இருக்கிறவங்களுக்கு பக்கத்து பி.எச்.சி.ல, அதாவது ஆரம்ப சுகாதார நிலையத்துல போய் சொல்லி வெச்சா வீட்டுக்கே வந்து போடுறதும் உண்டு, கேட்டுப் பாருங்க.

கேன்சருக்கு கீமோ ஓடிக்கிட்டு இருக்கிறவங்க, கிட்னி மாத்தினவங்க, மூட்டு வாதத்துக்கு ரிட்டுக்ஸிமாப் மாதிரி ஊசி ஏத்துறவங்க இவங்களுக்கு மட்டும் என் காலண்டர் கணக்கு பத்தாது. அந்த மருந்துங்க எதிர்ப்பு சக்தியையே அமுக்கி வெக்கிறதால, எப்ப பூஸ்டர் போட்டா உடம்பு பிடிச்சுக்கும்ங்கிறது அடுத்த மருந்து எப்பங்கிறதைப் பொறுத்து மாறும், பொதுவா அடுத்த ரவுண்டு ஏத்துறதுக்கு கொஞ்ச வாரம் முன்னாடி போடப் பார்ப்பாங்க. அவங்க டாக்டர்கிட்ட "பூஸ்டர் எந்த வாரம் போடட்டும்"னு குறிப்பா கேளுங்க, போடலாமான்னு கேட்டா போடலாம்னு சொல்லிட்டு அடுத்த பேஷண்ட்டை கூப்பிட்டுடுவாரு. மாசமா இருக்கிறவங்களும் அவங்க பார்க்கிற லேடி டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு போடறது நல்லது.

மீதி இருக்கிறது இருபது முப்பது நாப்பது வயசுல நல்லா ஓடியாடி இருக்கிறவங்க. உங்களுக்கு தகுதி வந்த அன்னைக்கே ஓடணும்னு இல்ல, உங்க வேலை, பிரயாணம், விசேஷம் இதைப் பார்த்து நாள் குறிச்சுக்கலாம். ஊசி போட்டு முழு பலன் தெரிய ரெண்டு வாரம் ஆகும். அதனால கூட்டத்துல போய் நிக்கப் போற நாள்லேர்ந்து பின்னாடி எண்ணுங்க. இந்த வருஷம் ஆயுத பூஜை அக்டோபர் 4, தீபாவளி அக்டோபர் 24. ரங்கநாதன் தெருவுல துணி எடுக்கப் போறது, கோயம்பேட்டுல பஸ்ஸுக்கு முண்டியடிக்கிறது, ஊர்ல போய் தாத்தா பாட்டி பக்கத்துல உக்காந்து சாப்பிடறது எல்லாம் அந்த மூணு வாரத்துக்குள்ளதான். அப்ப செப்டம்பர் ரெண்டாவது மூணாவது வாரம் போட்டுட்டா ஃப்ரீயும் ஆச்சு, தீபாவளிக்கு தெம்பாவும் இருக்கலாம். வீட்டுல பச்சக் குழந்தையோ வயசானவங்களோ இருந்தா நான் இந்த நிதானத்தைக் கூட சொல்ல மாட்டேன், இந்த ஞாயித்துக்கிழமையே போங்க.

"அலை வரட்டும், அப்ப போட்டுக்கலாம்"னு ஒரு கோஷ்டி இருக்கு. அவங்களுக்கு போன பொங்கலை ஞாபகப்படுத்துறேன். 2021 டிசம்பர் கடைசில தமிழ்நாட்டுல ஒரு நாளைக்கு 600 சொச்சம் கேஸ், ஜனவரி மூணாவது வாரத்துல ஒரு நாளைக்கு 30 ஆயிரத்தை தாண்டிடுச்சு. நடுவுல நாலே வாரம். நியூஸ்ல வந்து, நமக்கு பயம் வந்து, லீவு போட்டு, ஊசி போட்டு, அது வேலை செய்ய ரெண்டு வாரம் ஆகும்போது அலையே உச்சிக்குப் போய் இறங்க ஆரம்பிச்சிருக்கும்.

இன்னொரு கோஷ்டி ஓமிக்ரான்ங்கிற புது வகை கொரோனாவுக்குன்னே புதுசா ஊசி வருது, அதுக்கு வெயிட் பண்றேங்குது. வந்திருக்கு, உண்மைதான், ஆகஸ்ட் 15-ஆம் தேதி இங்கிலாந்துல மாடர்னா கம்பெனியோட, பழைய கொரோனா, ஓமிக்ரான் ரெண்டு வகைக்கும் சேர்த்த ஊசிக்கு அனுமதி குடுத்துட்டாங்க. ஆனா மாடர்னா நம்ம ஊரு பி.எச்.சி. ஃப்ரிட்ஜுக்கு எப்ப வரும்? பழைய மாடர்னாவே நம்ம கைக்கு வரல. இளவட்டம் காத்திருந்தா அது அவங்க இஷ்டம், அறுபது தாண்டினவங்களை அதைச் சொல்லி காக்க வெக்கிறது மட்டும் தப்பு.

எந்த ஊசிங்கிறதுக்கு ரொம்ப மண்டையை உடைக்க வேணாம். மொதல்ல ரெண்டும் என்ன போட்டீங்களோ அதேதான் மூணாவதும், கோவிஷீல்டு போட்டவங்களுக்கு கோவிஷீல்டு, கோவாக்சினுக்கு கோவாக்சின். ஆகஸ்ட் 12-லேர்ந்து ஒரு புது வசதி, ஹைதராபாத் பயாலஜிக்கல் இ கம்பெனியோட கோர்பிவேக்ஸ், அதை இந்த ரெண்டுல எது போட்டவங்களும் பூஸ்டரா போட்டுக்கலாம், 18 வயசு ஆகியிருந்தா போதும், இடைவெளி அதே 6 மாசம். கோவாக்சின் ஸ்டாக் இல்லன்னு ரெண்டு தடவை திருப்பி அனுப்பினாங்கன்னா இதைக் கேட்டு வாங்குங்க. படிக்கவோ வேலைக்கோ வெளிநாடு கிளம்புறவங்களுக்கு மட்டும் அந்த நாடு கேக்குற கணக்குப்படி ஆறு மாசத்துக்கு முன்னாடியே போட்டுக்க மே மாசத்துலேர்ந்து அனுமதி இருக்கு, விசா, காலேஜ் லெட்டர் எல்லாம் கையோட எடுத்துட்டுப் போங்க.

நாளும் ஊசியும் முடிவாச்சுன்னா, மறுநாள் லீவா இருக்கிற மாதிரி பாருங்க. பலருக்கு கை வலியோட போயிடும், சிலருக்கு ராத்திரி காய்ச்சல் அடிச்சு மறுநாள் உடம்பு முறிச்சு போட்ட மாதிரி இருக்கும், வந்தா பாராசிட்டமால் போட்டுக்கலாம், வர்றதுக்கு முன்னாடியே போட்டுட்டுப் போக வேணாம். அன்னைக்கே காய்ச்சல் இருந்தா போகாதீங்க, சரியானதும் போங்க. ரத்தம் குடுக்கிற பழக்கம் உள்ளவங்க முன்னாடியே குடுத்துட்டா நல்லது, ஊசிக்கு அப்புறம் 14 நாள் குடுக்க முடியாது.

நேரமும் முக்கியம், இதை யாரும் சொல்றதில்ல. கோவிஷீல்டு ஒரு பாட்டில்ல 10 டோஸ், திறந்தா 4 மணி நேரத்துல முடிக்கணும், அதனால மத்தியானம் மூணு மணிக்கு தனி ஆளா போய் நின்னா நர்ஸ் அக்கா ஐஸ் பாக்ஸைத் திறக்காமலே "இன்னும் நாலு பேர் வரட்டும், அப்படி உக்காருங்க"ம்பாங்க, அந்த நாலு பேர் வராமலே சாயங்காலம் ஆகி மூடிட்டுப் போனதும் உண்டு. காலைல பத்து மணிக்குப் போங்க, இல்ல ஞாயித்துக்கிழமை மெகா கேம்ப்புக்குப் போங்க, அங்க ஆள் சேர்ந்துகிட்டே இருக்கும். வீட்டுல, பக்கத்து வீட்டுல தேதி வந்தவங்களை சேர்த்துக்கிட்டு அஞ்சாறு பேரா போனா இன்னும் நல்லது.

போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே உக்காரச் சொல்லுவாங்க, உக்காருங்க. அந்த நேரத்துல போன்ல மெசேஜ் வந்துச்சான்னு பாருங்க, வரலன்னா எந்த நம்பர்ல பதிஞ்சாங்கன்னு என்ட்ரி போடுறவர்கிட்ட கேளுங்க. பழைய ரெண்டு டோஸ் ஒரு நம்பர்லயும் பூஸ்டர் வேற நம்பர்லயும் ஏறிட்டா கோவின் உங்களைப் புது ஆளுன்னு நினைச்சு முதல் டோஸ்னு சர்டிபிகேட் குடுத்துடும், அவர் லேப்டாப்பை மூடுறதுக்குள்ள கேட்டாத்தான் அங்கேயே ஏதாவது பண்ண முடியும்.