கேட்டில் நிற்கும் பட்டாளத்துக்காரர்: கூட வேலை பார்ப்பவர்கள் செய்ய வேண்டியது

வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போன தெருக்கள் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் நிறைய உண்டு. பதினைந்து, பதினேழு வருஷம் முடித்துப் பென்ஷனோடு நாற்பது வயசுக்குள்ளேயே ஊர் திரும்புகிறவர்கள், அப்புறம் பேங்க் காவல், பள்ளி வேன், பள்ளி கேட் என்று இன்னொரு இருபது வருஷத்தை ஓட்டுகிறார்கள். கருங்கல் பக்கம் ஒரு பள்ளியில் டீச்சராக இருக்கிறேன். எங்கள் கேட்டில் இருப்பவரைப் பிள்ளைகள் மிலிட்டரி பாட்டா என்பார்கள், நாங்கள் அண்ணன் என்போம். வயது அறுபதைத் தொட்டாயிற்று, 1987-ல் இந்திய அமைதிப்படையோடு இலங்கை போய் யாழ்ப்பாணத்தில் இருந்தவர். அவரோடு வேலை பார்த்ததில் நிறையத் தப்பு செய்து, கொஞ்சம் கற்றுக்கொண்டேன். அதை எழுதட்டுமா என்று கேட்டதற்கு, "பேரு மட்டும் போடாண்டாம் டீச்சர்" என்றார். போடவில்லை.

தப்பிலிருந்தே தொடங்குகிறேன். 2017 நவம்பர் 30 ஓகிப் புயல் அடித்து, ரப்பரும் வாழையும் சாய்ந்து, நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்து, பள்ளி மறுபடி திறந்த சமயம். கடலில் காணாமல் போனவர்களைத் தேடி ஹெலிகாப்டர்கள் கரையோரமாகப் போய்வந்துகொண்டிருந்தன. ஒன்று ரொம்பத் தாழ்வாக வந்தது. கேட் பக்கம் நின்ற மூன்று பிள்ளைகளை அண்ணன் இழுத்துச் சுவரோரம் தள்ளி, அவர்கள் மேல் கவிழ்ந்து படுத்துவிட்டார். ஒரு பிள்ளைக்கு முட்டி உரிந்து ரத்தம். நான் பின்பக்கமாக ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்து உலுக்க, அவர் என் கையைத் தட்டிவிட்ட வேகத்தில் இரண்டு கண்ணாடி வளையல் உடைந்தது. கொஞ்ச நேரத்தில் எழுந்தார், சட்டை மண்ணைத் தட்டினார், யார் முகத்தையும் பார்க்காமல் போய்ப் பதிவேட்டைத் திறந்து அன்றைய தேதியை எழுதினார். காலையில் எழுதிவைத்திருந்த தேதியின் மேலேயே எழுதினார்.

பின்னால் போனேன், தொட்டேன், "ஒண்ணுமில்லண்ணே, ஒண்ணுமில்ல" என்று கத்தினேன். மூன்றுமே கூடாது. உடம்பு பழைய இடத்துக்குப் போய்விட்ட நேரத்தில் பின்னாலிருந்து விழும் கை யாருடைய கை என்று அவருக்குத் தெரியாது. முன்பக்கம் வாருங்கள், கை எட்டாத தூரத்தில் நில்லுங்கள், வழக்கமான குரலில் உங்கள் பேரைச் சொல்லுங்கள், அப்புறம் இடம், கிழமை. "அண்ணே, நான் கணக்கு டீச்சர். நம்ம ஸ்கூல் கேட்டுல நிக்கீங்க. இன்னைக்கு செவ்வாய்க்கிழமை." இதையே இரண்டு மூன்று தடவை சொல்லலாம். செருப்பைக் கழற்றி மண்ணில் காலை அழுத்தச் சொல்வது, குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவச் சொல்வது, கண்ணில் படுகிற ஐந்து பொருளைச் சொல்லவைப்பது எல்லாம் உதவும். இவற்றால் நோய் தீராது, ஆள் இப்போதைக்கு இங்கே திரும்பி வருவார், அவ்வளவுதான். சுற்றி நிற்கும் கூட்டத்தைக் கலையுங்கள். யாராவது போனைத் தூக்கினால் பிடுங்கிவிடுங்கள், அப்புறம் சண்டை போட்டுக்கொள்ளலாம். அன்றைக்கே "என்ன ஞாபகம் வந்துச்சு" என்று கேட்காதீர்கள். நடந்ததைப் பேசித் தீர்த்தால் பாரம் இறங்கிவிடும் என்று நம்மூரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஆனால் ஒருவரை உட்காரவைத்து வற்புறுத்திச் சொல்லவைப்பது நல்லதில்லை என்றுதான் மருத்துவ வழிகாட்டுதல்களே சொல்கின்றன.

இன்னொன்று, காது. துப்பாக்கிக்கும் பீரங்கிக்கும் பக்கத்தில் வருஷக்கணக்காக நின்றவர்கள் பலருக்குக் காது பாதி போயிருக்கும், வெளியே சொல்லிக்கொள்ள மாட்டார்கள். பின்னாலிருந்து கூப்பிட்டால் கேட்காது, பக்கத்தில் வந்து நின்றால் திடுக்கிடுவார்கள். நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தாலும் அப்படித்தான், தொட்டு எழுப்பாதீர்கள். கதவைத் தட்டுங்கள், மேசையில் ஸ்கேலால் தட்டுங்கள்.

ஹெலிகாப்டர் வந்த அன்றைக்கு அண்ணனுக்கு நடந்தது மாதிரி வருவதற்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பேர் பிடிஎஸ்டி, பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு மனசில் தங்கிவிடுகிற நோய். முதல் உலகப்போர்க் காலத்தில் ஷெல் ஷாக் என்றார்கள், கோழைத்தனம் என்றும் சொன்னார்கள். வியட்நாமிலிருந்து திரும்பியவர்களைப் பார்த்த பிறகு, 1980-ல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்கள் தங்கள் நோய்ப் பட்டியலில் இந்தப் பேரைச் சேர்த்தார்கள். பழையது கனவிலும் நனவிலும் திரும்ப வரும், அதை நினைவுபடுத்தும் இடத்தையும் ஆட்களையும் ஒதுக்குவார்கள், எப்போதும் காவல் நிலையிலேயே இருப்பார்கள், சந்தோஷம் ஒட்டாது. நாற்பது வருஷம் கழித்து ஏன் கூடுகிறது என்று கேட்பீர்கள். வேலையும் பிள்ளை வளர்ப்புமாக ஓடிய காலத்தில் அமுங்கிக் கிடந்தது, மனைவி போன பிறகு, உடம்பு தளர்ந்த பிறகு, ராத்திரி தனியாகக் கிடக்கும்போது எழும்பிவரும். "வயசாயிட்டு, கிறுக்கு பிடிச்சிட்டு" என்று ஸ்டாஃப் ரூமில் பேசுகிறவர்கள் தயவுசெய்து வாயை மூடுங்கள்.

சரி, எது அவரைக் கிளப்பும் என்று எப்படித் தெரிந்துகொள்வது? கேட்டுத் தெரியாது, பார்த்துத்தான் தெரியும். ஹெலிகாப்டர் எவருக்கும் புரிகிற சங்கதி. ஆனால் எங்கள் மைதானத்துக்குப் பின்னால் மூன்று பனை நிற்கிறது, அண்ணன் அந்தப் பக்கம் போகவே மாட்டார், சுற்றி வளைத்துக் கக்கூஸ் வழியாகத்தான் ரவுண்டு வருவார். பாம்பு இருக்கும்போல என்று நினைத்தோம். ரொம்ப நாள் கழித்து அவராகவே ஒரு வார்த்தை சொன்னார், காற்றடித்தால் காய்ந்த ஓலை உரசுகிற சத்தம் என்று. யாழ்ப்பாணம் முழுக்கப் பனை. நம்மூரும் பனைதான். பனையை வெட்டவா முடியும்? ரவுண்டு வழியைத்தான் மாற்றினோம், அந்த மூலையை விளையாட்டு சார் பார்த்துக்கொள்கிறார்.

எனக்குப் புரிந்ததிலேயே முக்கியமானது இனிமேல்தான். ஒரு வருஷம் பக்கத்துக் கோயில் திருவிழாக் கொடியேற்றத்துக்கு வெடி போட்டார்கள். நம்மூர் வெடியைப் பற்றிச் சொல்லவேண்டாம், சர்ச்சானாலும் அம்மன் கொடையானாலும் ஓடு அதிரும். அண்ணன் ஒரு மணி நேரம் கேட் ரூமைவிட்டு வெளியே வரவில்லை. மறுநாள் நான் தயங்கித் தயங்கி, வெடி நாளுக்கெல்லாம் லீவு எடுத்துக்கோங்கண்ணே என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "வெடிக்கு எனக்கு என்ன பயம் டீச்சர்? முன்னால சொல்லியிருக்கலாம்லா."

சொல்லியிருக்கலாம்தான். திருவிழா நோட்டீஸ் அச்சடித்து வீடு வீடாகத் தருகிறார்கள், கொடியேற்றம் இத்தனை மணி, தேர் இத்தனை மணி என்று அதிலேயே இருக்கிறது. அன்றிலிருந்து சுற்றுவட்டாரத்து நோட்டீஸ் எது வந்தாலும் ஒரு பிரதி கேட் ரூம் சுவருக்குப் போகும், வெடி வரக்கூடிய நேரத்தில் சிவப்புப் பேனாவால் கோடு. கோட்டாறு சவேரியார் திருவிழாவிலிருந்து கிறிஸ்துமஸ், புதுவருஷம் வரைக்கும் அந்தச் சுவரில் இடமே இருக்காது. பக்கத்தில் பாறைக்குழி இருக்கிற பள்ளியென்றால் எத்தனை மணிக்கு வெடி வைக்கிறார்கள் என்று கேட்டு எழுதி ஒட்டுங்கள். பெரிய தலைவர் யாராவது விவேகானந்தர் பாறைக்கு வருகிறார் என்று பேப்பரில் வந்தால் ஹெலிகாப்டரும் வரும், காலையில் கையெழுத்துப் போடும்போதே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஜெனரேட்டர் போடப்போகிறோம், லாரியில் ஜல்லி தட்டப்போகிறார்கள், சின்னப்பிள்ளைகள் பலூன் உடைக்கப்போகிறார்கள், எதுவானாலும் முன்னால் ஒரு வார்த்தை. சத்தம் அதேதான், ஆனால் வரும் என்று தெரிந்து நிற்கிறவர் வேறு ஆள்.

பெல்லும் அப்படியே. எங்கள் பள்ளியில் தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டுச் சுத்தியலால் அடிப்போம், அடிப்பது அண்ணன்தான், ஒரு நிமிஷம் பிந்தாது. நடுவில் நிர்வாகம் எலக்ட்ரிக் பெல் மாட்டியது, தானாக நேரத்துக்கு அலறுகிற வகை. நாளைக்கு எட்டு முறை அவர் தோள் குலுங்குவதைப் பார்த்தோம். இரண்டு வாரம் பொறுத்துவிட்டு, அதன் சுவிட்சைக் கேட் ரூமுக்கு மாற்றச் சொன்னோம். வயர்மேன் கூலி மட்டும்தான் செலவு. விளையாட்டு விழாவில் ஓட்டம் தொடங்கத் துப்பாக்கி வெடிப்பதை நிறுத்திவிட்டு விசிலுக்கு மாறினோம், அதில் எந்தப் பிள்ளைக்கும் நஷ்டமில்லை.

வேலையை எப்படிக் கொடுப்பது என்பதில் இருக்கிற சூட்சுமமும் இதேதான். நேரம், எல்லை, பொறுப்பு மூன்றும் தெளிவாக இருக்கட்டும். வரிசை, பதிவேடு, சாவிக்கொத்து, வேன் கணக்கு எல்லாவற்றையும் நம்பிக் கொடுக்கலாம், நம்மைவிட ஒழுங்காகச் செய்வார்கள். திடீரென்று ஆளை மாற்றுவது, கடைசி நிமிஷத்தில் ராத்திரி டியூட்டி போடுவது வேண்டாம். தூக்கம் ஏற்கெனவே கெட்டுப்போனவருக்கு ராத்திரிக் காவல் கொடுப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எப்படியும் முழிச்சுத்தானே இருக்கார் என்று சிரிக்கிற நிர்வாகிகளும் இருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 15, ஜனவரி 26, கார்கில் நாளான ஜூலை 26 இந்த மூன்று நாளும் ஒரு கண்டம். பொன்னாடை போர்த்தி மைக்கைக் கையில் கொடுத்து "உங்க அனுபவத்தைச் சொல்லுங்க" என்பார்கள். முன்னாடியே தனியாகக் கேளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். கொடியேற்றுவதற்குக் கயிற்றைச் சரிபார்க்கும் வேலையைக் கொடுத்தால் சந்தோஷமாகச் செய்வார், எங்கள் அண்ணன் அதைத்தான் கேட்டு வாங்கினார்.

அமைதிப்படையில் போனவர்கள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். 1987-லிருந்து 1990 வரை அந்தப் படை இலங்கையில் இருந்தது, இந்தியச் சிப்பாய்கள் ஆயிரத்துக்கும் மேல் செத்தார்கள். அங்கே பொதுமக்களும் செத்தார்கள், 1987 அக்டோபரில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள்ளேயே நோயாளிகளும் டாக்டர்களும் நர்சுகளும் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். 1990 மார்ச்சில் படை சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது வரவேற்க அன்றைய முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. எது சரி, எது தப்பு என்று உங்களுக்கு ஒரு கருத்து இருக்கும், எனக்கும் இருக்கிறது. ஆனால் தமிழில் அழுததைக் கேட்டு நின்ற ஒரு தமிழ்ச் சிப்பாய்க்கு இருபது வயசு. அவர் மனசில் கிடப்பதில் பயத்தைவிடக் குற்ற உணர்ச்சி கூடுதலாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். வீரன் என்று தூக்குவதும் துரோகி என்று இறக்குவதும் அவருக்கு ஒரே மாதிரிதான் வலிக்கும். ஈழ அரசியலைப் பேச ஊரில் வேறு இடமா இல்லை, கேட் ரூம் திண்ணையை விட்டுவிடுங்கள்.

பிள்ளைகள் கேட்கத்தான் செய்வார்கள். "பாட்டா, எத்தனை பேரைச் சுட்டீங்க?" ஆறாம் வகுப்பில் வருஷத்துக்கு ஒருத்தனாவது கேட்பான். அடிக்கவோ அதட்டவோ வேண்டாம். பாட்டா பட்டாளத்தில் கஷ்டமானது சிலதைப் பார்த்தவர், அதைக் கேட்டால் அவருக்கு வலிக்கும், வேறு என்ன வேண்டுமானாலும் கேள் என்று ஜூன் மாதமே வகுப்பில் சொல்லிவிடுங்கள். நீலகிரி வெலிங்டன் ட்ரெயினிங்கில் குளிரில் ஓடிய கதை, லடாக்கில் முட்டை கல்லாக உறைந்த கதை எல்லாம் அண்ணன் வண்டி வண்டியாகச் சொல்வார். பின்னால் போய்ப் பட்டாசு போட்டுப் பார்க்கிற வால்பையன்கள் விஷயத்தில் மட்டும் தயவு வேண்டாம்.

அதேசமயம், பிள்ளைகளுக்கு ஒன்று நடந்தால் மூடி மறைக்காதீர்கள். முட்டி உரிந்த பிள்ளையின் அம்மாவிடம் நாங்கள் முதலில் "தடுக்கி விழுந்துட்டா" என்றோம், அது பெரிய தப்பு. மாலைக்குள் உண்மை தெரிந்து கேட்டில் வந்து நின்றார். நடந்ததை அப்படியே சொன்ன பிறகுதான் தணிந்தார். அண்ணன் மேல் எவ்வளவு மரியாதை இருந்தாலும், அவர் ஒரு பிள்ளையை அடிக்கிற அளவுக்குப் போனால் உடனே கேட்டிலிருந்து ஸ்டோர் ரூம், தோட்டம் மாதிரி பிள்ளைகள் இல்லாத வேலைக்கு மாற்றி டாக்டரைப் பார்க்கவைக்க வேண்டும்.

டாக்டர் என்றால் எங்கே? ஈசிஎச்எஸ் கார்டு, அதாவது முன்னாள் ராணுவத்தினர் மருத்துவத் திட்டத்தின் கார்டு, இருந்தால் நாகர்கோவில் பாலிகிளினிக்கில் காட்டி மனநல மருத்துவருக்கு ரெஃபரல் வாங்கலாம். கார்டு இல்லையென்றால் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ். மாத்திரை உண்டு, அதிர்ச்சி நினைவுக்கென்றே உள்ள பேச்சு சிகிச்சையும் உண்டு, அறுபது வயசுக்கு மேலும் பலன் தரும். மனநலம் என்ற வார்த்தைக்கே முகம் திருப்புவார், அதனால் தூக்கமில்லை, காது கேட்கவில்லை, சுகர் பார்க்கணும் என்று தொடங்குங்கள், பொய்யும் இல்லை. கூட ஒரு ஆள் போகவேண்டும். எங்கள் ஆபீஸ் கிளார்க்தான் வருஷா வருஷம் ராணுவப் பென்ஷனுக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் அவருடைய வாழ்நாள் சான்று ஏற்றிக்கொடுப்பார். அந்தப் பழக்கத்தில் ஆஸ்பத்திரிக்கும் கிளார்க் கூப்பிட்டதும் அண்ணன் வந்துவிட்டார், நான் மூன்று வருஷம் கூப்பிட்டு வராதவர்.

குடியைப் பற்றியும் சொல்லவேண்டும். தூக்கம் வர ஒரு பெக் என்று தொடங்கி அதுவே தூக்கத்தைக் கெடுக்கும். அதில் நமக்கும் பங்கு உண்டு. மிலிட்டரி கேன்டீன் கோட்டாவில் ஒரு பாட்டில் வாங்கித்தாங்கண்ணே என்று கெஞ்சுகிற சார்மார் எத்தனை பேர்! விடப் பார்க்கிறவரை மாதாமாதம் அந்தக் கவுண்டருக்கு அனுப்புவது நீங்கள்தான்.

எல்லாவற்றையும்விட அவசரமானது ஒன்று. சாவிக்கொத்தை ஒப்படைக்கிறார், வாங்கிய கடனையெல்லாம் திடீரென்று தீர்க்கிறார், இருந்து என்ன பிரயோஜனம் என்கிறார் என்றால் காத்திருக்காதீர்கள். செத்துப்போகிற நினைப்பு இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள், கேட்டதால் அந்த எண்ணம் வந்துவிடாது. தனியாக விடாமல், மகனுக்கோ மகளுக்கோ போன் போட்டு வரவழையுங்கள். டெலி மானஸ் 14416, இருபத்துநாலு மணி நேரமும் தமிழில் பேசலாம், காசில்லை. அந்த நம்பரை எங்கள் கேட் ரூமில் ஆம்புலன்ஸ் நம்பருக்கும் ஃபயர் சர்வீஸ் நம்பருக்கும் நடுவில் எழுதிவைத்திருக்கிறோம். அவருக்காக என்று தனியாக எழுதினால் மறுநாளே அழித்துவிடுவார்.

இந்த வருஷக் கொடியேற்ற நோட்டீஸ் இன்னும் அச்சாகி வரவில்லை. அண்ணன் நேற்றே கேட்டுவிட்டார், "நோட்டீசு வந்துதா டீச்சர்?" என்று.