தொண்டு நிறுவனத்தின் பணத்தையும் தகவலையும் காப்பது: எங்கே தொடங்கலாம்?

"நம்மிடம் திருட என்ன இருக்கிறது?" என்பது தொண்டு நிறுவனங்களில் வழக்கமான பேச்சு. சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்தின் தகவல்களுக்குள் யாரோ புகுந்தது 2022 ஜனவரியில் தெரியவந்தது. அவர்கள் கைவைத்தது பணத்தில் இல்லை. போரிலும் பேரிடரிலும் குடும்பத்தைப் பிரிந்தவர்கள் உட்பட 5,15,000-க்கும் அதிகமானோரின் விவரங்களில்.

சரி, முதல் வேலை. யாருடைய எந்த விவரம் எங்கே கிடக்கிறது என்று எழுதுங்கள். எக்செல் கோப்பு, வாட்ஸ்அப் குழு, எப்போதோ வந்துபோன தன்னார்வலரின் லேப்டாப், எதையும் விடாதீர்கள். சட்டப்படியோ வேலைக்கோ தேவையானது போக, மற்றதை அழித்துவிடுங்கள்.

இரண்டாவது, அலுவலகம் முழுக்க ஒரே பாஸ்வேர்டு என்ற பழக்கம். அதை இன்றே நிறுத்துங்கள். ஆளுக்கொரு கணக்கு, அதற்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டோடு, போனுக்கு வரும் எண் போன்ற இன்னொன்றையும் கேட்பது). விலகுபவரின் கணக்கை அன்றே மூடுங்கள்.

மூன்றாவதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். 2017-இல் அமெரிக்காவின் சேவ் தி சில்ட்ரன் அமைப்பில் ஓர் ஊழியரின் மின்னஞ்சலுக்குள் மோசடிக்காரர்கள் நுழைந்தார்கள். பாகிஸ்தானில் சுகாதார மையங்களுக்குச் சூரியத் தகடு வாங்குவதாகப் போலி பில் காட்டி, ஏறக்குறைய 10 லட்சம் டாலரை ஜப்பானுக்கு அனுப்ப வைத்தார்கள். காப்பீடு இருந்ததால் பெரும்பகுதி திரும்பக் கிடைத்தது. அதனால் ஒரு விதி வையுங்கள்: எந்தத் தொகைக்கும் இரண்டு பேர் ஒப்புதல். பணம் பெறுபவரின் வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று மின்னஞ்சல் வந்தால், நம்மிடம் முன்பே இருக்கும் அவரது போன் எண்ணுக்குப் பேசிக் கேளுங்கள். அந்த மின்னஞ்சலில் உள்ள எண்ணுக்குப் பேசினால் மோசடிக்காரரே "ஆமாம், மாறிவிட்டது" என்பார்! அவசரம் என்று தலைவரே எழுதியிருந்தாலும் இதே விதிதான்.

அப்புறம் பொறுப்பு. "பெயருக்குத்தான் குழுவில் இருக்கிறேன்" என்று சொல்லும் அறங்காவலர் நிறைய உண்டு. அலட்சியம் நிரூபணமானால் அந்தப் பதில் பெரும்பாலும் எடுபடாது. காப்பீட்டு முகவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். தகவல் திருட்டு நம் காப்பீட்டில் அடங்குமா? ஏமாந்து நாமே அனுப்பிய பணம் அடங்குமா? அறங்காவலர் மேல் வழக்கு வந்தால் செலவை யார் ஏற்பார்கள்? இரண்டாவது கேள்விக்குத்தான் பதில் பெரும்பாலும் இழுக்கும். எழுத்தில் வாங்குங்கள்.

வெளி நிறுவனத்தின் மென்பொருளில் பட்டியலை வைத்திருந்தாலும் கவனம் வேண்டும். 2020-இல், அப்படி மென்பொருள் தரும் பிளாக்பாட் நிறுவனத்தின் கணினிகள் தாக்கப்பட்டபோது, நன்கொடையாளர்களுக்கு விளக்கக் கடிதம் எழுதியது அதன் சேவையைப் பயன்படுத்திய தொண்டு நிறுவனங்கள்தான். தாக்குதல் நடந்தால் எத்தனை நாளில் நமக்குச் சொல்வார்கள் என்பதை ஒப்பந்தத்தில் பாருங்கள்.

கடைசியாக, வங்கி, காப்பீட்டு நிறுவனம், வழக்கறிஞர், கணினி பார்ப்பவர் ஆகியோரின் எண்களை ஒரு தாளில் அச்சடித்துச் சுவரில் ஒட்டுங்கள். தகவல் கசிந்தது தெரிந்தால், அதைக் கண்காணிப்பு அமைப்புக்குத் தெரிவிக்க ஐரோப்பியச் சட்டம் தருவதே 72 மணி நேரம்தான்; எண்களைத் தேட நேரம் இருக்காது. கணினியில் மட்டும் வைத்தால், அது முடங்கும் அன்று இந்தப் பட்டியலும் உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.