உங்கள் தெருவில் முன்பு உழுத குடும்பம் எது என்று கண்டுபிடிப்பது எப்படி?

சென்னையைச் சுற்றி இன்று நகர் என்று பெயர் வைத்திருக்கும் இடங்களில் பல ஒரு காலத்தில் வயலோ ஏரியோதான். தி.நகரே மாம்பலம் ஏரியைத் தூர்த்து 1920களில் உருவானது, மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்ற பெயர் இன்னும் இருக்கிறது.

முதலில் வீட்டின் மூலப்பத்திரத்தை எடுங்கள். மனை எண்ணை விடுங்கள், பழைய சர்வே எண்தான் வேண்டும். அப்புறம் நான்கெல்லை விவரத்தை நிதானமாகப் படியுங்கள். 'இன்னாருடைய நஞ்செய்க்குத் தெற்கு, ஏரி வாய்க்காலுக்கு மேற்கு' என்று ஒரு வரி இருந்தால் பக்கத்து நிலத்துக்காரர் பெயர், தண்ணீர் வந்த வழி இரண்டும் அதிலேயே கிடைத்துவிடும். அந்த சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று போட்டால் நிலம் கை மாறிய வரிசை தெரியும். ஆன்லைனில் கிடைக்காத பழைய வருடங்களுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

இங்கேதான் பலர் நின்றுவிடுகிறார்கள், நிற்காதீர்கள். பட்டாவில் பெயர் இருப்பவர் நிலத்துக்குச் சொந்தக்காரர், அவ்வளவுதான். ஏர் பிடித்தது வாரத்துக்கோ (விளைச்சலில் பங்கு) குத்தகைக்கோ எடுத்த வேறு குடும்பமாக இருக்கலாம், சேரியில் இருந்த பண்ணையாட்களாகவும் இருக்கலாம். 1969 குத்தகை உரிமைப் பதிவுச் சட்டத்தின்படி தயாரான குத்தகைதாரர் பதிவேட்டில் அவர்கள் பெயர் இருக்கிறதா என்று தாலுகா அலுவலகத்தில் கேளுங்கள். பழைய அடங்கல் (கிராமப் பயிர்க் கணக்கு) கிடைத்தால் எந்த சர்வே எண்ணில் என்ன பயிர், எந்தப் பாசனம் என்று தெரியும். அதில் பசலி ஆண்டுதான் (ஜூலையில் தொடங்கும் வருவாய்த் துறைக் கணக்கு வருடம்) போட்டிருப்பார்கள், 590 கூட்டினால் அந்தப் பசலி தொடங்கிய ஆங்கில வருடம் வந்துவிடும், அதாவது பசலி 1370 என்றால் 1960 ஜூலை முதல் 1961 ஜூன் வரை.

இதைவிடப் பின்னால் போக வேண்டுமென்றால் எழும்பூர் ஆவணக் காப்பகம். கோயில் அல்லது மானிய நிலமாக இருந்திருந்தால் 1860களின் இனாம் பதிவேட்டை அங்கே கேட்டுப் பாருங்கள்.

காகிதத்தில் சிக்காததற்குப் பெரியவர்கள்தான் கதி. 'உங்க குடும்ப வரலாறு சொல்லுங்க' என்று கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். களத்துமேடு எங்கே இருந்தது, எந்தக் கிணற்றில் ஏற்றம் போட்டிருந்தார்கள், நாற்று நட யார் யார் வந்தார்கள், கூலி நெல்லாகவா காசாகவா என்று கேளுங்கள். பேச்சு தானாக வரும். குறிப்பாகப் பாட்டிமார்களிடம் கேளுங்கள், நட்டதும் களை எடுத்ததும் பெரும்பாலும் பெண்கள்தான், ஆனால் எந்தக் கணக்கிலும் அவர்கள் பெயரைத் தேடிப் பிடிப்பது கஷ்டம்.

எழுதியதை வெளியே விடுவதற்கு முன் அந்தக் குடும்பத்துக்குப் படித்துக் காட்டிச் சம்மதம் வாங்குங்கள். சர்வே எண்ணைப் பொதுவில் போட வேண்டாம், பாகப்பிரிவினை வழக்கு நடந்துகொண்டிருக்கலாம்.