கொட்டேஷனில் இல்லாத முழுப்பெயர்: கேமிங் பிசி வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐ7 ப்ராசஸர், 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 512 ஜிபி எஸ்எஸ்டி, 450 வாட் எஸ்எம்பிஎஸ் (பிசிக்குக் கரண்ட் தரும் பவர் சப்ளை), ஆர்ஜிபி (வண்ண விளக்கு) கேபினட், எல்லாம் சேர்த்து 22 ஆயிரம். சேலத்தில் கேமிங் பிசி என்று சொல்லி நாலு கடை ஏறி இறங்கினால் இப்படி ஒரு கொட்டேஷன் எப்படியும் கைக்கு வந்துவிடும். பார்த்தால் நல்ல விலை. தாளில் பொய் என்று ஒரு வரிகூட இருக்காது, ஆனால் எந்தப் பொருளுக்கும் முழுப்பெயரும் இருக்காது. ஐ7 என்று மட்டும் சொல்வது, புது பஸ் ஸ்டாண்டு டூவீலர் பார்க்கிங்கில் போய் 'டிஎன் 30' என்று மட்டும் சொல்லி நம் வண்டியைத் தேடித் தரச் சொல்வது மாதிரிதான். கேமிங் பிசியில் காசு வீணாவது முக்கால்வாசி இந்த முழுப்பெயரைக் கேட்காததால்தான்.

முதலில் அந்த ஐ7. இன்டெல் இந்தப் பெயரை 2008-லிருந்து போட்டுக்கொண்டிருக்கிறது. இந்த விலைக்கு வருவது பெரும்பாலும் 2012-ல் வந்த ஐ7-3770, இல்லையென்றால் அதற்கும் முந்தைய ஐ7-2600, கூடவே எச்61 என்ற பழைய சிப்செட்டில் (போர்டின் கட்டுப்பாட்டுச் சிப்) புதிதாகச் செய்து வருகிற மதர்போர்டு, டிடிஆர்3 ரேம். டேலி ஓட்ட, பில் போட, யூடியூப் பார்க்க இது தாராளமாகப் போதும், அதைக் குறை சொல்லவில்லை. கேம் என்றால் கதை வேறு. 2022-ல் வந்த ஐ3-12100-லும் அதே 4 கோர், 8 த்ரெட்தான், பெயர் மட்டும் சின்னது, வேகத்தில் அந்த ஐ7-ஐ எங்கேயோ விட்டுவிட்டுப் போய்விடும். அந்தப் பழைய ஐ7-களில் ஏவிஎக்ஸ்2 என்ற கணக்கிடும் கட்டளைத் தொகுதி கிடையாது, சில புது கேம்கள் அது இல்லாவிட்டால் திறக்கவே திறக்காது. இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய ப்ராசஸர்களை, ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர, விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்வதில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. குறுக்கு வழியில் 11-ஐ ஏற்றித் தருகிறேன் என்பார்கள், ஏற்றியும் தருவார்கள், ஆனால் விண்டோஸ் 11-ல் வாலரன்ட் கேம் ஆட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதியும் வேண்டும். வாலரன்ட் ஆடத்தான் பையன் பிசியே கேட்டான் என்றால் அன்று சாயங்காலமே வீட்டில் பஞ்சாயத்துதான்.

சரி, முழு எண்ணையும் கேட்டுவிட்டீர்கள், ஐ5-12400எஃப் என்கிறார் கடைக்காரர். 12 என்பது தலைமுறை. கடைசி 'எஃப்' இருந்தால் ப்ராசஸருக்குள் டிஸ்ப்ளே வசதி இல்லை என்று அர்த்தம், அதனால் விலை கொஞ்சம் குறைவு. கிராபிக்ஸ் கார்டு போடப்போகிறீர்கள் என்றால் எஃப் வாங்குவது புத்திசாலித்தனம். கார்டை தீபாவளி போனஸில் வாங்கிக்கொள்ளலாம் என்றால் எஃப் வாங்கக் கூடாது, அதுவரை திரையில் ஒன்றுமே வராது. ஏஎம்டியில் இந்தக் குழப்பம் இன்னும் ஒரு படி அதிகம். ரைசன் 5 5600-க்கு டிஸ்ப்ளே இல்லை, 5600ஜி-க்கு உண்டு, உடனே 'ஜி'தான் மேல் என்று நினைத்துவிடுகிறோம். 5600-ல் 32 எம்பி எல்3 கேஷ் (ப்ராசஸருக்குள் இருக்கும் வேக மெமரி), 5600ஜி-யில் அதில் பாதி 16 எம்பி. கார்டோடு பேசும் பாதையான பிசிஐஇ 5600-க்கு 4.0, ஜி-க்கு 3.0தான். கூடவே கார்டு வாங்குகிறவருக்கு 5600தான் சரி. 5500 என்று இன்னும் மலிவாக ஒன்று கிடைக்கும், அதுவும் உள்ளுக்குள் ஜி வகைதான், டிஸ்ப்ளேயை மட்டும் அணைத்துவிட்டார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கார்டு பற்றிப் பேசும்போது வேண்டியிருக்கும்.

போர்டில் பார்க்க வேண்டியது சாக்கெட்டும் (ப்ராசஸர் உட்காரும் இடம்) ரேம் வகையும். ஏஎம்4 என்றால் டிடிஆர்4 மட்டும், ஏஎம்5 என்றால் டிடிஆர்5 மட்டும். இன்டெல்லின் எல்ஜிஏ 1700 சாக்கெட்டில் 12, 13, 14 மூன்று தலைமுறையும் உட்காரும், ஆனால் போர்டைப் பொறுத்து ரேம் டிடிஆர்4 ஆகவும் இருக்கலாம், டிடிஆர்5 ஆகவும் இருக்கலாம், பல மாடல்களில் பெயரின் கடைசியில் 'டி4' என்ற இரண்டு எழுத்து மட்டுமே வித்தியாசம். இரண்டு ரேமுக்கும் 288 பின்தான், நடுவிலுள்ள வெட்டு மட்டும் இடம் மாறியிருக்கும், அதனால் ஒன்று இன்னொன்றில் இறங்காது, அழுத்திப் பார்த்தால் ஸ்லாட்தான் போகும். பழைய பி450 போர்டில் ரைசன் 5000 வரிசை ப்ராசஸர் போடுகிறீர்கள் என்றால் பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்திருக்க வேண்டும், இல்லையென்றால் எல்லா விசிறியும் சுற்றும், திரை மட்டும் கறுப்பாகவே இருக்கும், போர்டு செத்துப்போச்சு என்று தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதுதான். கடையிலேயே அப்டேட் செய்து, ப்ராசஸரைப் போட்டு, டிஸ்ப்ளே வருவதைக் கண்ணால் பார்த்துவிட்டு வாங்குங்கள். பின்னால் ப்ராசஸரை மட்டும் மாற்றும் யோசனை இருந்தால், எல்ஜிஏ 1700-க்கு 14-ஆம் தலைமுறையோடு வழி அடைந்துவிட்டது; ஏஎம்5-ஐ 2027 வரையிலும் அதற்குப் பின்னும் தொடர்வோம் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது.

ரேமில் 16 ஜிபி என்று எழுதினால் போதாது, 8+8 என்று எழுதச் சொல்லுங்கள். ஒற்றை 16 ஜிபி ஸ்டிக் சிங்கிள் சேனலில், அதாவது ஒரே பாதையில், ஓடும், சில கேம்களில் அது கண்ணுக்கே தெரிகிற அளவு எஃப்பிஎஸ்ஸை (நொடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கை) குறைக்கும், ஜி வகை ப்ராசஸரின் உள் டிஸ்ப்ளேயில் ஆடுகிறவருக்கு இன்னும் அதிகமாக. நாலு ஸ்லாட் போர்டில் ப்ராசஸர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவது, நாலாவது ஸ்லாட்டில் போட வேண்டும். ரேமை முழு வேகத்தில் ஓட்டும் செட்டிங்குக்குப் பயாஸில் எக்ஸ்எம்பி என்று பெயர், ஏஎம்டி டிடிஆர்5-ல் எக்ஸ்போ, அதை ஆன் செய்யாவிட்டால் 3200 என்று காசு கொடுத்து வாங்கிய ரேம் 2133-லோ 2400-லோ பல வருடம் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

இனி கார்டு. காசு அதிகம் போவதும் இங்கேதான், ஏமாறுவதும் இங்கேதான். '4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு' என்று தாளில் இருந்தால் அது 2014-ல் வந்த ஜிடி 730 ஆகக்கூட இருக்கலாம், அதிலும் 4 ஜிபி உண்டு, ஆனால் இன்றைய கேம் எதையும் அது இழுக்காது. ஜிபி என்பது கார்டின் பலம் இல்லை, அதன் கிடங்கின் அளவு, அவ்வளவுதான். ஒரே பெயரில் இரண்டு கார்டு விற்கிற வேலையும் நடக்கிறது: ஆர்டிஎக்ஸ் 3050 என்று 8 ஜிபியில் ஒன்று, 6 ஜிபியில் ஒன்று. மெமரி மட்டும்தான் குறைவு என்று நினைப்போம். 8 ஜிபி கார்டில் 2560 கூடா கோர் (கணக்குப் போடும் சின்னச் சின்ன அலகு), 128 பிட் மெமரி பாதை. 6 ஜிபி கார்டில் 2304 கோர், 96 பிட். ஆர்டிஎக்ஸ் 3060-லும் இதே கதை, 12 ஜிபிதான் முதலில் வந்தது, பிறகு வந்த 8 ஜிபி கார்டில் மெமரி பாதையையும் குறுக்கிவிட்டார்கள். ஆகவே பில்லில் ஜிபியோடு சேர்த்துப் பெயர் இருக்கட்டும்.

மேலே சொன்ன 5500 இங்கேதான் வேலையைக் காட்டும். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி என்ற கார்டு போர்டோடு பேசுவது நாலே நாலு பிசிஐஇ லேனில், 4.0 வேகத்தில் அது சமாளிக்கும். 5500-ஓ 5600ஜி-யோ போட்டால் போர்டு புது பி550 ஆகவே இருந்தாலும் வேகம் 3.0-க்கு இறங்கிவிடும், பாதை பாதியாகிவிடும், அந்த 4 ஜிபி மெமரி நிரம்பிய கணத்தில் கேம் திக்கித் திக்கி ஓடும். மூன்றும் தனித்தனியாக நல்ல பொருள், ஒன்றுக்கொன்று இடிக்காமல் உட்காரவும் செய்யும், சேர்த்தால் நஷ்டம். கேமை ரெக்கார்ட் செய்து யூடியூபில் போடும் ஆசை இருந்தால், அந்த கார்டில் வீடியோவைச் சுருக்கிப் பதிவுசெய்யும் என்கோடரே கிடையாது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, யாருமே இரண்டாம் தடவை பார்க்காத எஸ்எம்பிஎஸ். கேபினட்டோடு இலவசம் என்று வரும் அந்த '450 வாட்' டப்பாவைத் திருப்பி, ஸ்டிக்கரில் 12 வோல்ட் என்ற கட்டத்தின் கீழ் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். ப்ராசஸரும் கார்டும் குடிப்பது அந்த 12 வோல்ட்டைத்தான். 16 ஆம்பியர் என்று இருந்தால் 12 இன்ட்டு 16, 192 வாட், மிச்சமெல்லாம் அட்டையில் எழுதிய வாட். நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் அதே கட்டத்தில் 40-க்கு மேல் இருக்கும். ஆர்டிஎக்ஸ் 4060 மாதிரி 115 வாட் கார்டுக்கு நல்ல கம்பெனியின் 550 போதும், 850 வாங்கச் சொல்லி யாராவது பயமுறுத்தினால் அந்தக் காசைக் கார்டில் போடுங்கள். 80 ப்ளஸ் ப்ரோன்ஸ், கோல்டு என்பது கரண்டை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதற்கான முத்திரை, உள்ளே போட்டிருக்கிற கெபாசிட்டரின் தரத்துக்கு அல்ல. இன்னொன்று, மாடுலர் (கேபிளைக் கழற்றி மாட்டும் வகை) எஸ்எம்பிஎஸ் வாங்கினால் பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளை இதில் சொருகவே கூடாது, முனை ஒன்றுபோல இருந்தாலும் எஸ்எம்பிஎஸ் பக்கத்துப் பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஹார்டு டிஸ்க் ஒரு நொடியில் புகைந்துவிடும்.

கரண்ட் என்று வந்தபிறகு வீட்டு ஒயரிங்கையும் சொல்லியாக வேண்டும். கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று லேசாக ஷாக் அடிக்கிறது என்பார்கள், எஸ்எம்பிஎஸ்ஸைக் குறை சொல்லி மாற்றவும் மாற்றுவார்கள். பெரும்பாலும் காரணம் எர்த் இல்லாதது. எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டர் கெபாசிட்டர்கள் கசிய விடுகிற கொஞ்சம் கரண்ட் எர்த் வழியாக இறங்க வேண்டும், இறங்க வழியில்லாததால் தகரத்தில் நிற்கிறது. சேலத்தில் குகை, செவ்வாய்ப்பேட்டைப் பக்கத்துப் பழைய வீடுகளில் மூன்று பின் பிளக் பாயின்ட் இருக்கும், மேல் ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. பிசிக்கு முன்னால் ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். யுபிஎஸ்ஸில் 600 விஏ என்பது 600 வாட் இல்லை, பெரும்பாலும் 360. கேம் நடுவில் கரண்ட் போனால் அந்தச் சின்ன யுபிஎஸ் கத்திவிட்டுத் தானும் அணைந்துவிடும், வீட்டு ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரிலும் ஆக்டிவ் பிஎஃப்சி (கரண்டைச் சீராக இழுக்கும்) வகை எஸ்எம்பிஎஸ் முரண்டு பிடிக்கலாம், சைன் வேவ் என்று கேட்டு வாங்குங்கள். ஏற்காட்டில் இருப்பவர்கள் கோடை இடி மழையில் பிளக்கைப் பிடுங்குகிறார்கள், சரி, நெட் கேபிளை அப்படியே விட்டுவிடுகிறார்கள், மின்னல் அந்த வழியாகவும் வரும்.

சூடு விஷயத்தில் மேலே ஏற்காடும் கீழே சேலமும் இரண்டு உலகம். ஏற்காட்டில் எந்த கேபினட் வாங்கினாலும் பெரிதாகக் கெடாது. சேலத்தில் ஏப்ரல், மே மாதம் ஏசி இல்லாத அறையே 38 டிகிரியில் இருக்கும்போது, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்டு உள்ளே நாலு ஆர்ஜிபி விசிறி மின்னுகிற கேபினட் வெறும் அடுப்புதான், காற்று உள்ளே வரவே வழி இருக்காது. முன்பக்கம் வலை உள்ள கேபினட் வாங்குங்கள். அம்மாப்பேட்டைப் பக்கம் தறி ஓடுகிற வீடென்றால் பஞ்சு வலையில் போர்வை மாதிரி ஒட்டும், கழற்றிக் கழுவும் ஃபில்டர் இருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். கார்டின் நீளத்தையும் கேபினட்டின் உள் அளவையும் மில்லிமீட்டரில் ஒப்பிடுங்கள், முன்னால் லிக்விட் கூலரின் ரேடியேட்டர் வைத்தால் அந்த இடத்தைக் கழித்துக்கொண்டு. 65 வாட் ப்ராசஸருக்கு லிக்விட் கூலர் தேவையே இல்லை.

எஸ்எஸ்டிக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். எம்.2 என்ற குச்சி வடிவத்திலேயே மெதுவான சாட்டா வகையும் உண்டு, வேகமான என்விஎம்இ என்று உறுதி செய்துகொள்ளுங்கள். 3500 எம்பி வேகத்துக்கும் 7000 எம்பி வேகத்துக்கும் கேம் திறப்பதில் பெரிய வித்தியாசம் தெரியாது, அந்தக் காசுக்கு 512-க்குப் பதில் 1 டிபி வாங்கலாம்.

எங்கே வாங்குவது? கம்ப்யூட்டர் கடைகளுக்குப் பேர்போன பெங்களூரு எஸ்பி ரோடு சேலத்திலிருந்து சுமார் 200 கிலோமீட்டர், அதே மாதிரியான சென்னை ரிச்சி தெரு அதைவிட அதிகம். விலை குறையலாம், ஆனால் எட்டு மாதம் கழித்துக் கார்டு மக்கர் செய்தால் திரும்ப பஸ் ஏற வேண்டும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அந்தப் பிராண்டுக்குப் பக்கத்தில் சர்வீஸ் சென்டர் எங்கே என்று வாங்கும் முன்பே கேளுங்கள். "பில் வேண்டாம்னா ஜிஎஸ்டியைக் குறைச்சுக்கலாம் சார்" என்ற 18 சதவீத ஆசையில் விழுந்தால் வாரன்டி கேட்கும்போது கையில் ஒன்றும் இருக்காது, பில்லில் ஒவ்வொரு பொருளுக்கும் சீரியல் நம்பர் எழுதி வாங்குங்கள். ப்ராசஸரை பாக்ஸ் பேக்கில் வாங்குவதும் இதற்காகத்தான், ட்ரே என்று வெறும் சிப்பாக வருவதற்கு இன்டெல்லின் நேரடி வாரன்டி கிடையாது. பழைய 13, 14-ஆம் தலைமுறை ஐ7, ஐ9 மலிவாக வந்தால் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள், அதிக வோல்டேஜ் போய்ப் பல சிப்கள் நிலைகுலைந்து, 2024-ல் இன்டெல் மைக்ரோகோடு (சிப்பின் உள் மென்பொருள்) திருத்தம் கொடுத்தது, ஆனால் ஏற்கெனவே கெட்டுப்போன சிப்பை அது சரிசெய்யாது.

மானிட்டருக்கு என்று முதலிலேயே தனியாகப் பணம் ஒதுக்குங்கள், நொடிக்கு 60 தடவை மட்டும் படம் மாற்றும் 60 ஹெர்ட்ஸ் பழைய மானிட்டரில் 150 எஃப்பிஎஸ் தரும் கார்டை மாட்டி என்ன பயன். 144 ஹெர்ட்ஸ் வாங்கியவர்களும் கேபிளைப் பழக்கதோஷத்தில் போர்டின் எச்டிஎம்ஐயில் சொருகிவிட்டுக் கார்டு வேலை செய்யவில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறார்கள். கேபிள் கீழே கார்டில் போக வேண்டும், பிறகு விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் 60 என்று கிடப்பதை 144-க்கு மாற்ற வேண்டும், அது தானாக மாறும் என்று நம்ப வேண்டாம்.