தேர்ந்தெடுக்கச் சொல்லாதீர்கள், முதலில் வேலைகளைக் காட்டுங்கள்: 6, 7, 8-ம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வழிகாட்ட

ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் "பெரிய ஆளானா என்ன ஆகப் போற?" என்று கேட்டால் டாக்டர், டீச்சர், போலீஸ், கலெக்டர், இப்போது கொஞ்ச நாளாக யூடியூபர், இவ்வளவுதான் வரும். பிள்ளைக்கு ஆசை குறைவு என்று இதற்கு அர்த்தமில்லை, அது பார்த்த வேலைகள் அவ்வளவுதான். ஆகவே நடுநிலை வகுப்புகளில் நாம் செய்ய வேண்டியது இரண்டே காரியம். நிறைய வேலைகளைக் கிட்டத்தில் நின்று பார்க்க வைப்பது ஒன்று. பின்னால் எந்த வழியும் அடைபட்டுப் போகாதபடி சில விஷயங்களை இப்போதே கவனித்துக்கொள்வது இன்னொன்று. என்ன வேலைக்குப் போவது என்கிற முடிவு இந்த வயதில் வேண்டவே வேண்டாம். பதினொரு வயதில் "இவன் இன்ஜினியர்" என்று முத்திரை குத்துவதும் தப்பு, "இவனுக்குப் படிப்பு ஏறாது, கொத்தன் வேலைக்குத்தான் லாயக்கு" என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொள்வது அதைவிடப் பெரிய தப்பு.

குமரி மாவட்டத்து ஆசிரியர்களையும் பெற்றோரையும் மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். இந்த விஷயத்தில் நாம் கொடுத்து வைத்தவர்கள். கடல், மலை, நெல்வயல், ரப்பர் தோட்டம், தோவாளைப் பூச்சந்தை, முப்பந்தல் காற்றாலைகள், வடசேரியில் கோயில் நகை செய்கிறவர்கள், மணவாளக்குறிச்சியில் கடற்கரை மணலிலிருந்து கனிமம் பிரிக்கும் மத்திய அரசு ஆலை, ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி என எல்லாமே அரை நாளில் போய்த் திரும்பும் தூரத்தில் இருக்கின்றன.

வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரை

ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு வாங்கச் சொல்லுங்கள். அதற்கு மார்க் கிடையாது, சிவப்பு மை கிடையாது. முதல் வாரம், வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரும் வழியில் கண்ணில் படுகிற வேலைகளை எல்லாம் எழுத வேண்டும். வேலையின் பெயர் மட்டும் போதாது, அவர் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று ஒரு வரியும் வேண்டும். "பூக்கடை அக்கா" என்று மட்டும் எழுதினால் ஒன்றும் தெரியாது. "பூக்கடை அக்கா இன்றைக்குப் பிச்சிப்பூ என்ன விலை என்று போனில் கேட்டு, அப்புறம் எத்தனை கிலோ எடுப்பது என்று யோசித்தார்" என்று எழுதுகிற பிள்ளை ஒரு தொழிலைப் பார்க்கத் தொடங்கிவிட்டது.

அடுத்த வாரம், ஒரே ஒரு வேலையை எடுத்து அதற்குப் பின்னால் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தேடுங்கள். இதை வகுப்பில் எல்லோரும் சேர்ந்து கரும்பலகையில் செய்தால்தான் சுவாரசியம். குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கத்துப் பள்ளி என்றால் ஒரு வள்ளத்தில் தொடங்கலாம். கடலுக்குப் போகிறவர், வள்ளத்தை ஃபைபரில் செய்தவர், இன்ஜின் மெக்கானிக், வலை பழுது பார்க்கிறவர், ஐஸ் பிளான்ட்காரர், ஏலம் விடுகிறவர், ஏற்றுமதிக் கம்பெனியில் மீனின் தரம் பார்க்கிறவர், ஜி.பி.எஸ்., கடலின் ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர் எல்லாம் ரிப்பேர் செய்கிறவர், மீன்வளத்துறை அலுவலர், அப்புறம் ஹைதராபாத்தில் இன்காய்ஸ் என்கிற மத்திய அரசு நிறுவனத்தில் உட்கார்ந்து, செயற்கைக்கோள் தகவலை வைத்து எந்தப் பக்கம் மீன் கிடைக்க வாய்ப்பிருக்கிறது என்று சொல்கிற விஞ்ஞானி. பலகை நிறைந்துவிடும். 2017-ல் ஒக்கிப் புயல் என்ன செய்தது என்று கடற்கரை ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வானிலை எச்சரிக்கை ஆழ்கடலில் இருக்கிறவர் காதுக்குப் போய்ச் சேருவதும் ஒரு வேலைதான், அதை நன்றாகச் செய்ய ஆள் வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும். அப்பாவின் தொழிலைச் சொல்லக் கூச்சப்பட்ட பையன் அன்றைக்கு மற்றவர்களுக்கு விளக்கிச் சொல்கிற ஆளாக மாறுவதையும் பார்ப்பீர்கள்.

வேலை நடக்கும் இடத்தில்

இதுதான் முக்கியம், மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான். குலசேகரம், அருமனை, திருவட்டாறு பக்கம் என்றால் ரப்பர் தோட்டத்துக்கே கூட்டிப் போங்கள். பால் வெட்டுகிறவர் பழைய வெட்டின் ஓரத்தில், மெல்லிசாக ஒரே சீராகப் பட்டையைச் சீவிக்கொண்டே வருவார். ஆழம் கூடினால் மரம் புண்ணாகி, அந்த இடத்தில் பட்டை ஒழுங்காக வளராது. ஆழம் குறைந்தால் பால் சரியாக வராது. அந்த நூலிழைக் கணக்கு அவர் கையில் இருக்கிறது. வெட்டு ஏன் சாய்வாக இருக்கிறது, ஏன் விடியும் முன்பே வெட்டுகிறார்கள் என்று பிள்ளைகளையே கேட்க விடுங்கள். வெயில் ஏற ஏற இலை வழியாகத் தண்ணீர் போய், மரத்துக்குள் அழுத்தம் குறைந்து, பால் ஒழுகுவதும் குறைந்துவிடும். அப்புறம் பாலைச் சேர்த்து வடிகட்டி, தண்ணீர் கலந்து, ஃபார்மிக் ஆசிட் விட்டு உறைய வைத்து, மெஷினில் கொடுத்து ஷீட் அடித்துப் புகை போடுகிறார்கள். அழுத்தம், அமிலம், விகிதம் என்று புத்தகத்தில் தனித்தனியாகக் கிடப்பதெல்லாம் இங்கே ஒரே தோட்டத்தில் வரிசையாக நடக்கிறது. இருட்டில் கூட்டிப் போவது சிரமம் என்றால் பால் எடுக்கும் நேரத்துக்குப் போனால் போதும்.

கேள்விகளை முதல் நாளே நோட்டில் எழுதிக்கொண்டு போகட்டும். இன்று காலையிலிருந்து என்னென்ன செய்தீர்கள்? யார் கற்றுக்கொடுத்தார்? இந்த வேலையில் உங்களுக்குப் பிடிக்காதது எது? மழைக்காலத்தில் என்ன செய்வீர்கள்? மறுபடியும் எட்டாம் வகுப்புக்குப் போக முடிந்தால் எந்தப் பாடத்தைக் கவனித்துப் படிப்பீர்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதில், நாம் வருஷம் முழுக்கச் சொல்லும் அறிவுரையை விட அழுத்தமாக இறங்கும். "எவ்வளவு சம்பாதிக்கிறீர்கள்?" என்று முகத்துக்கு நேரே கேட்க விடாதீர்கள். ஆசிரியர் தனியாகக் கேட்டு வைத்துக்கொண்டு வகுப்பில் பொதுவாகச் சொல்லலாம். தலைமை ஆசிரியர் அனுமதியும் பெற்றோர் கையெழுத்தும் இல்லாமல் கூட்டிப் போக வேண்டாம். பார்ப்பதோடு சரி, கத்தி, ஆசிட், மெஷின் எதிலும் பிள்ளைகள் கை வைக்கக் கூடாது.

இன்னொரு நாள் நாகர்கோவில் கோணத்துக்குப் போங்கள். அரசு ஐ.டி.ஐ., அரசு பாலிடெக்னிக், அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரி மூன்றும் அங்கேதான். ஐ.டி.ஐ.யில் வெல்டர், ஒயர்மேன் போன்ற சில பிரிவுகளில் எட்டாம் வகுப்புத் தேர்ச்சியோடு சேரலாம், பாலிடெக்னிக்குக்குப் பத்தாம் வகுப்பு, இன்ஜினியரிங்குக்குப் பன்னிரண்டு. பத்தாம் வகுப்புத் தேர்ச்சியோடு இரண்டு வருஷ ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருஷம் சேரலாம், பாலிடெக்னிக் முடித்தவருக்கும் இன்ஜினியரிங்கில் அதே மாதிரி வழி உண்டு.

இஸ்ரோ பற்றிப் பேசும்போது

நம் மாவட்டத்தில் இதைப் பேசாமல் இருக்க முடியாது. ஆனால் பதவியின் பெயரை மட்டும் சொல்லாதீர்கள், அதற்குப் போன வழியைச் சொல்லுங்கள். இஸ்ரோவின் முன்னாள் தலைவர் கே. சிவன் சரக்கல்விளை அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் தொடங்கியவர். நாகர்கோவில் தெ.தி. இந்துக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் படித்துவிட்டு, அதன் பிறகுதான் சென்னை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியலுக்குப் போனார். 2025 ஜனவரியில் இஸ்ரோ தலைவரான வி. நாராயணன் மேலகாட்டுவிளைக்காரர், டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்தவர். 1984-ல் இஸ்ரோவில் சேர்ந்த பிறகுதான் ஐ.ஐ.டி. கரக்பூரில் எம்.டெக்., பிறகு முனைவர் பட்டம் எல்லாம். டிப்ளமோ என்றாலே முகம் சுளிக்கிற பெற்றோருக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

பெண்பிள்ளைகளிடம் நர்சிங், டீச்சர் என்ற இரண்டையும், பையன்களிடம் கல்ஃப் என்ற ஒன்றையும் திரும்பத் திரும்பச் சொல்லும் பழக்கம் நம் ஊரில் ரொம்ப இருக்கிறது. நர்சிங் நல்ல வேலை, இந்த மாவட்டத்தில் எத்தனையோ குடும்பங்களை நிமிர்த்தியிருக்கிறது. அது ஒரு பெண் பார்த்து, விரும்பி எடுத்த வேலையாக இருக்கட்டும். கோணத்துக்குப் போகும்போது பெண்பிள்ளைகளையும் வெல்டிங் பட்டறை வரை கூட்டிப் போய்க் காட்டுங்கள், வாசலில் நிறுத்திவிடாதீர்கள். வெளிநாடு போகத்தான் போகிறான் என்கிற வீட்டில் ஒரு விவரம் சொன்னால் வேலை செய்யும்: பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெறாதவரின் பாஸ்போர்ட்டில் பொதுவாகக் குடியேற்றச் சோதனை தேவை என்று இருக்கும், வளைகுடாவுக்கு வேலைக்குப் போக அவர் தனியாக அனுமதி வாங்க வேண்டும். பத்து பாஸ் செய்தால் அந்தத் தடை இல்லை.

இப்போதே பார்க்க வேண்டிய காகிதங்கள்

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020-லிருந்தும், பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் போன்ற படிப்புகளில் 2021-லிருந்தும் 7.5 சதவீத இடம் ஒதுக்கப்படுகிறது. கணக்கு ஆறாம் வகுப்பிலிருந்து தொடங்குகிறது என்பதுதான் பலருக்குத் தெரியாத சங்கதி. இடையில் இரண்டு வருஷம் தனியார் பள்ளிக்கு மாற்றினால் அந்தத் தகுதி போய்விடும். நம் மாவட்டத்தில் அரசு உதவி பெறும் பள்ளிகள் அதிகம், அவை இந்த 7.5-ல் வராது. ஆனால் கல்லூரியில் சேர்ந்த பின் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் உதவி பெறும் பள்ளித் தமிழ்வழி மாணவர்களும் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசு வேலையில் 20 சதவீத ஒதுக்கீடு உண்டு, அதற்கு முதல் வகுப்பிலிருந்தே தமிழ்வழியாக இருக்க வேண்டும். பள்ளி மாற்றும் முன் பெற்றோரை உட்கார வைத்து இதையெல்லாம் நிதானமாகச் சொல்லுங்கள்.

எட்டாம் வகுப்பில், மத்திய அரசின் கல்வி உதவித்தொகைக்கான என்.எம்.எம்.எஸ். தேர்வு வரும். அரசு, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள் எழுதலாம், குடும்ப வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும், தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருஷம் 12,000 ரூபாய். ஏழாம் வகுப்பு மார்க்கையும் பார்ப்பதால் எட்டில் ஆரம்பித்தால் தாமதம். இதில் மனத்திறன் தாள் ஒன்று உண்டு, அதை ஏழாம் வகுப்பிலிருந்தே வாரம் ஒரு மணி நேரம் விளையாட்டுப் போலப் போட்டுப் பழக்குங்கள்.

பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிப் பதிவேடு எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்று, ஆதாரில் எழுத்துப்பிழையோடு இன்னொன்று என்று இருந்தால் இப்போதே திருத்த வேண்டும். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் ஏறிவிட்டால் அப்புறம் அலைச்சல்தான்.

அப்படியே கண்ணையும் பாருங்கள். பார்வை மட்டும் போதாது, நிறம் பிரித்தறிகிறதா என்றும் பார்க்க வேண்டும். வண்ணப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணைப் படிக்கச் சொல்லும் எளிய சோதனைதான், கண் டாக்டரிடம் சில நிமிஷத்தில் முடிந்துவிடும். நிறக்குறைபாடு இருந்தால் மெர்ச்சன்ட் நேவியில் கப்பல் ஓட்டும் பணிக்கோ, ரயில் ஓட்டவோ எடுக்க மாட்டார்கள். கடற்கரை ஊரில் கப்பல் வேலையையே நினைத்து வளர்ந்த பையனுக்கு, பணம் கட்டிய பிறகு மருத்துவப் பரிசோதனையில் இது தெரிய வருவது கொடுமை. பன்னிரண்டு வயதில் தெரிந்தால் மனதை வேறு பக்கம் திருப்ப நிறைய நேரம் இருக்கிறது.

எட்டு முடிந்ததும் பள்ளி மாற வேண்டிய பிள்ளைகளுக்கு, பக்கத்தில் எந்தப் பள்ளி என்று பார்ப்பதோடு அங்கே பதினொன்றாம் வகுப்பில் என்னென்ன குரூப் இருக்கிறது, தொழிற்பிரிவு உண்டா, கணக்கு சொல்லித்தர ஆசிரியர் இருக்கிறாரா என்றும் விசாரியுங்கள். ரொம்பத் திணறுகிற பாடம் கணக்கு என்றால் லீவிலேயே உட்கார வைத்து பின்னம், விகிதம், சதவீதம் மூன்றை மட்டும் சரி செய்து அனுப்புங்கள், பாலிடெக்னிக் போனாலும் வங்கித் தேர்வு எழுதினாலும் அதுதான் முதலில் நிற்கும். அந்த நாற்பது பக்க நோட்டையும் கையோடு கொடுத்தனுப்புங்கள். உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளில் நான் முதல்வன் திட்டத்தில் வழிகாட்டும் ஆசிரியரிடம் பிள்ளை அதைக் காட்டினால், அவர் எங்கிருந்து பேச்சைத் தொடங்குவது என்று யோசிக்க வேண்டியிருக்காது.